வீட்டு வலையமைப்பில் கோப்புகளையும் டிரைவ்களையும் பகிர்ந்துகொள்வது எப்படி

ஒரே வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தும், ஒன்றிலுள்ள கோப்பு மற்றொன்றுக்கு வேண்டும்போது பென்டிரைவைத் தேடி மேசை இழுப்பறையைக் குடைபவர்களும், தமக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்த் திறந்து பார்ப்பவர்களும் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டு கணினிகளும் ஒரே ரவுட்டரோடு இணைந்திருந்தால் அவற்றுக்கிடையே பாதை ஏற்கெனவே போடப்பட்டாயிற்று. அந்தப் பாதையில் கோப்புகளை ஓட விடுவதற்கு வேண்டிய மென்பொருளும் விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் இலவசமாகவே இருக்கிறது. இணைய இணைப்புகூட இதற்குத் தேவையில்லை. ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும்.

கோப்பை வைத்திருந்து பகிரும் கணினியை இங்கே ‘கொடுக்கும் கணினி’ என்றும், அதை அணுகும் கணினியை ‘எடுக்கும் கணினி’ என்றும் குறிப்பிடுகிறேன். வேலை முழுவதும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது: இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றனவா, கொடுக்கும் கணினி கதவைத் திறந்து வைத்திருக்கிறதா, எடுக்கும் கணினி யாருடைய பெயரைச் சொல்லி அந்தக் கதவைத் தட்டுகிறது. முதல் இரண்டும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூன்றாவதில்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்திருக்கின்றன. என்னுடையவையும் அதில் சேர்த்தி.

ஒரே வலையமைப்பில்தான் இருக்கின்றனவா?

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை இட்டால் அந்தக் கணினியின் ஐபிவி4 முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், தெரியும். ஒரு கணினியில் 192.168.1.20 என்றும் மற்றொன்றில் 192.168.1.35 என்றும் இருந்து, முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0 என்று இருந்தால், முதல் மூன்று எண்களும் ஒத்துப்போவதால் இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன என்று கொள்ளலாம். ஒன்றில் 192.168.1.20, மற்றொன்றில் 192.168.0.7 என்று வந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனியே முகவரி வழங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இணைய நிறுவனம் பொருத்திவிட்டுப் போன பெட்டி ஒன்றும், வைஃபை எட்டவில்லை என்று பின்னர் வாங்கி வைத்த பெட்டி ஒன்றும் இருக்கும் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும். இரண்டாவது பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதனை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றிவிட்டால் முகவரி வழங்கும் வேலையை முதல் பெட்டி மட்டுமே பார்க்கும், சிக்கலும் தீரும்.

முகவரிகள் ஒத்துப்போனாலும் இணைப்பு கிடைக்காத இடம் ஒன்று உண்டு. விருந்தினருக்கென்று ரவுட்டரில் அமைக்கும் ‘கெஸ்ட் வைஃபை’, தன்னோடு இணைந்த கருவிகள் இணையத்தை மட்டுமே பார்க்கும்படியும், வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடியும் தடுத்து வைப்பதற்காகவே உள்ளது. மடிக்கணினியை எப்போதோ அவசரத்தில் அந்தப் பெயரில் இணைத்துவிட்டு மறந்திருந்தால், மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. இணையத்தின் ஊடே மறைவான தனிப் பாதை அமைக்கும் விபிஎன் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான்; உள்ளூர் வலையமைப்பை அனுமதிக்கும் தெரிவு அதனுள் இருக்கும், அதைத் தேடி இயக்க வேண்டும்.

கொடுக்கும் கணினியைத் தயார் செய்தல்

விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனத்தில் வைத்துச் சொல்கிறேன். கணினிக்கு நினைவில் நிற்கும் பெயர் ஒன்றை வைப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குள் அபௌட் என்ற பக்கத்தில் பெயரை மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தி, 15 எழுத்துகளுக்குள் வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பழைய பெயரறியும் முறை வாலை வெட்டிவிடும். பெயர் மாற்றிய பின் கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்தது வலையமைப்பின் தன்மை. புதிய வைஃபையில் இணையும்போது விண்டோஸ் அதைப் பொது இடத்து வலையமைப்பாகக் கருதிக்கொண்டு, மற்றக் கணினிகளின் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்கிறது. ரயில் நிலையத்தில் அது சரியான நடத்தை, வீட்டில் அதுவே தடை. செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதிக்குள் இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பண்புகளைத் திறந்து, ‘பப்ளிக்’ என்பதிலிருந்து ‘பிரைவேட்’ என்பதற்கு மாற்ற வேண்டும். பின்னர் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில், பிரைவேட் பிரிவின் கீழே, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ ஆகிய இரண்டையும் இயக்க வேண்டும். இரண்டாவதை இயக்கும்போது, உள்ளே வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் அதற்குரிய வாயில்கள் தாமாகவே திறந்துகொள்ளும். கோப்புப் பகிர்வுக்கு முக்கியமானது 445ஆம் எண் போர்ட், அதாவது வாயில். வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலோடு வந்திருந்தால், வீட்டு வலையமைப்பு நம்பத்தக்கது என்று அதனிடமும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதே பக்கத்தின் அடியில் ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ என்று ஒன்று இருக்கும். இதை அணைத்துவிட்டால் கடவுச்சொல் தொல்லையே இருக்காது என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டு வைஃபையின் கடவுச்சொல் தெரிந்த எவரும், வீட்டில் இணைந்திருக்கும் எந்த ஸ்மார்ட் கருவியும் உங்கள் கோப்புகளை எட்டிப் பார்க்க அது இடம் தருகிறது என்பது ஒரு காரணம். அது நம்பகமாக வேலை செய்வதுமில்லை என்பது மற்றொன்று: கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்புகளை விண்டோஸின் புதிய பதிப்புகள் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வருகின்றன, 2024இல் வந்த 24எச்2 பதிப்பு இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. இன்று இணைந்துவிட்டு, அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோகும் வழியில் ஏன் போக வேண்டும்?

அதைவிடப் பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கிவிடுவது மேல். கொடுக்கும் கணினியின் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் மற்றப் பயனர்கள் என்ற இடத்திற்குச் சென்று, புதிய கணக்கைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, அந்த நபரின் உள்நுழைவு விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பையும், அதன் பின் மைக்ரோசாஃப்ட் கணக்கில்லாமல் சேர்க்கும் தெரிவையும் தேர்ந்தால், வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வரும். ‘பகிர்வு’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பெயராக வையுங்கள். கடவுச்சொல்லைக் கட்டாயம் வையுங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கின் பெயரில் வலையமைப்பு வழியாக நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே தடை செய்திருக்கிறது. இந்தக் கணக்கில் யாரும் திரைக்கு முன் உட்கார்ந்து உள்நுழையப் போவதில்லை; வீட்டின் எல்லாக் கணினிகளும் கைபேசிகளும் கதவைத் தட்டும்போது சொல்ல வேண்டிய பெயர் அது, அவ்வளவே.

கோப்புறையைப் பகிர்தல்: ஒரே கதவில் இரண்டு பூட்டுகள்

பகிர வேண்டியவற்றுக்கென்று, உங்கள் டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற சொந்தக் கோப்புறைகளுக்கு வெளியே, டிரைவின் வேரிலேயே ஒரு புதிய கோப்புறையை உருவாக்குங்கள். அதன் மேல் வலது சொடுக்கி ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் ‘ஷேரிங்’ என்ற தாவல் இருக்கும். அங்கே ‘ஷேர்’ என்ற எளிய பொத்தானும், ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ என்ற பொத்தானும் உள்ளன. எளிய பொத்தானை அழுத்தி, நாம் உருவாக்கிய பகிர்வுக் கணக்கைப் பட்டியலிலிருந்து சேர்த்து, படிக்க மட்டுமா எழுதவுமா என்று தேர்ந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும்.

அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாகப் போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் பகிரப்பட்ட கோப்புறைக்கு இரண்டு அனுமதிப் பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று பகிர்வுக்கானது, அட்வான்ஸ்டு ஷேரிங் பெட்டிக்குள் ‘பெர்மிஷன்ஸ்’ என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பது, தொடக்கத்தில் அதில் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்குப் படிக்கும் உரிமை மட்டுமே தரப்பட்டிருக்கும். மற்றொன்று, விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமைக்கானது. அது ‘செக்யூரிட்டி’ என்ற வேறு தாவலில் இருக்கும். வலையமைப்பு வழியாக வருபவர் இரண்டு பூட்டுகளையும் திறந்தாக வேண்டும். இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். பகிர்வுப் பட்டியலில் முழு உரிமை கொடுத்திருந்தும் செக்யூரிட்டி தாவலில் படிக்கும் உரிமை மட்டுமே இருந்தால் கோப்பைத் திறக்கலாம், சேமிக்க முடியாது. தலைகீழாக இருந்தாலும் விளைவு அதுவே. எளிய பொத்தான் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது என்பதுதான் அதன் சிறப்பு. கோப்பு திறக்கிறது, ஆனால் சேமிக்கும்போது மறுக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்க்கச் சொல்வது அவர்கள் மறந்துவிட்ட அந்த இரண்டாவது பட்டியலைத்தான்.

முழு டிரைவையும் பகிர வேண்டுமானால் எளிய பொத்தான் மங்கிக் கிடக்கும். அட்வான்ஸ்டு ஷேரிங் மட்டுமே வழி. ‘ஷேர் திஸ் ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்து, பகிர்வுக்குப் பெயரிட்டு, பெர்மிஷன்ஸில் எவ்ரிஒன் என்பதை நீக்கிவிட்டுப் பகிர்வுக் கணக்கை மட்டும் சேர்க்கலாம். படங்களும் காணொலிகளும் நிறைந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கையோ, வெளியிலிருந்து செருகிய யுஎஸ்பி டிஸ்க்கையோ இப்படிப் பகிர்வதில் தவறில்லை. விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கும் சி டிரைவை முழுமையாகப் பகிர்வது மட்டும் வேண்டாம். அடுத்த அறையிலிருந்து யாரும் அதற்குள் கைவைக்க வேண்டிய தேவை வருவதே இல்லை.

யுஎஸ்பி டிஸ்க்கைப் பகிர்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பகிர்வு டிரைவின் எழுத்தோடு கட்டுண்டது. டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செருகும்போது ஈ என்று இருந்தது எஃப் என்று மாறிவிட்டால் பகிர்வு காணாமல் போகும். டிஸ்க் மேனேஜ்மென்டில் பின்வரிசை எழுத்து ஒன்றை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இராது. மேலும், எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்ட டிஸ்க்கில் செக்யூரிட்டி தாவலே இருக்காது. பகிர்வுப் பட்டியல் ஒன்றே அங்கே காவல். ஃபேட்32இல் 4 ஜிபியைத் தொடும் தனிக் கோப்பு எதையும் வைக்க முடியாது என்ற வரம்பும் வலையமைப்பைத் தாண்டி அப்படியே தொடரும், ஏனெனில் டிஸ்க்கில் எழுதுவது கொடுக்கும் கணினிதான். இதே காரணத்தால் ஒரு நன்மையும் உண்டு: என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மாக் கணினியில் நேராகச் செருகினால் படிக்க மட்டுமே முடியும் என்றாலும், அதே டிஸ்க்கை விண்டோஸ் கணினி வழியாகப் பகிர்ந்தால் மாக்கிலிருந்து எழுதவும் முடியும்.

எடுக்கும் கணினியில் இணைத்தல்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் நெட்வொர்க் என்பதைச் சொடுக்கிக் கணினிகளின் பட்டியல் வருகிறதா என்று காத்திருப்பதை நான் விட்டுவிட்டு நெடுநாள் ஆகிறது. அந்தப் பட்டியல் சில நேரம் வரும், சில நேரம் வராது. அதில் பெயர் தெரியாததால் இணைப்பு இல்லை என்று முடிவு செய்வது தவறு. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு அதனோடு சேர்த்துக் கணினியின் பெயரைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துவதே நேர்வழி. பெயருக்கு மறுமொழி இல்லையென்றால் பெயரின் இடத்தில் ஐபி முகவரியை இட்டுப் பாருங்கள்; \\192.168.1.20 என்பது போல. முகவரிக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிட்டால், பகிர்வு நன்றாக இருக்கிறது, பெயரைக் கண்டறிவதில்தான் கோளாறு என்று தெளிவாகிவிடும். அப்போது முகவரியையே நிரந்தரமாகப் பயன்படுத்தலாம்; ஆனால் ரவுட்டர் வழங்கும் முகவரி நாளடைவில் மாறக்கூடும் என்பதால், ரவுட்டரில் முகவரி வழங்குவதைக் கவனிக்கும் டிஎச்சிபி பக்கத்தில் அந்தக் கணினிக்கு அந்த முகவரியை ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட வேண்டும்.

இணைந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அங்கே வெறும் கணக்குப் பெயரை இடாமல், கொடுக்கும் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, கணக்கின் பெயர் என்று சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் இந்தக் கணக்கு எந்தக் கணினிக்குரியது என்பதில் விண்டோஸுக்குக் குழப்பம் வராது. நினைவில் வைத்துக்கொள்ளும் கட்டத்தையும் தேர்ந்துவிட்டால் அந்த விவரம் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற இடத்தில் சேமிக்கப்படும்.

பகிர்ந்த கோப்புறை அடிக்கடி தேவைப்படும் என்றால் அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, சொந்த டிரைவ் போலவே காட்டச் செய்யலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘திஸ் பிசி’ பகுதியிலிருந்து ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ என்பதைத் தேர்ந்து, அகர வரிசையின் கடைசியிலுள்ள எழுத்து ஒன்றை ஒதுக்கி, கணினியின் பெயரும் பகிர்வின் பெயரும் சேர்ந்த பாதையை இட்டு, உள்நுழையும்போது மீண்டும் இணைக்கும் கட்டத்தைத் தேர்ந்தால் போதும். கணினியைத் தொடங்கியவுடன் அந்த டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் பதற வேண்டியதில்லை. வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிப் பார்த்துவிட்டது என்பதற்கு மேல் பெரும்பாலும் அதில் ஒன்றுமில்லை. சொடுக்கினால் திறந்துவிடும்.

சரியான கடவுச்சொல் மறுக்கப்படும்போது

உறவினர் ஒருவர் வீட்டில் இதை அமைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். தனிக் கணக்கு எதற்கு, என் கணக்கே இருக்கிறதே என்றார், சரி என்றேன். எடுக்கும் கணினியில் கடவுச்சொல்லைக் கேட்டதும் ஆறு இலக்கங்களை விறுவிறுவென்று தட்டினார். மறுத்தது. கேப்ஸ் லாக்கைப் பார்த்தார், இன்னொரு முறை மெதுவாகத் தட்டினார், மறுபடி மறுத்தது. அதே ஆறு இலக்கங்களைக் கொடுக்கும் கணினியில் இட்டுக் காட்டினார், திரை உடனே திறந்தது. இதோ சரியாகத்தானே இருக்கிறது என்று என்னைப் பார்த்தார். அவர் தட்டியது பின் (PIN) எண். பின் எண் அந்தக் குறிப்பிட்ட கணினியின் திரையைத் திறப்பதற்கு மட்டுமே உரியது. வலையமைப்பு வழியாக அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைபவர்கள் அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் அதன் உண்மையான கடவுச்சொல்லையும் இட வேண்டும், அந்தக் கடவுச்சொல் பெரும்பாலானோருக்கு எப்போதோ மறந்துபோயிருக்கும். அவருக்கும் மறந்துபோயிருந்தது. தனிக் கணக்கை உருவாக்கினோம், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில சிக்கல்களும் உண்டு. இரண்டு கணினிகளிலும் ஒரே பெயரில் கணக்கு இருந்து கடவுச்சொற்கள் வேறாக இருந்தால், எடுக்கும் கணினி நம்மைக் கேட்காமலே தன் கணக்கின் விவரத்தைக் காட்டி நுழையப் பார்த்து மறுக்கப்படும். பழைய கடவுச்சொல் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்தால், கொடுக்கும் கணினியில் கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் எடுக்கும் கணினி பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே போய் அந்தப் பதிவை அழித்தால் புதிதாகக் கேட்கும். ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்களில் இணையப் பார்த்தால் 1219 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி வரும். முன்பு இணைத்த டிரைவ்களைத் துண்டித்துவிட்டோ, எடுக்கும் கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தோ மறுபடி முயல வேண்டும்.

80070035 என்று முடியும் பிழை எண் வந்தால் அது கடவுச்சொல் சிக்கல் அன்று. பாதையே கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். கொடுக்கும் கணினி உறங்கிப்போயிருக்கலாம், வலையமைப்பு மறுபடி பப்ளிக் ஆகியிருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம். பார்க்க வேண்டிய வரிசையும் அதுவே. நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிய கணினிக்குப் பவர் செட்டிங்ஸில் உறக்கத்தை நிறுத்திவிட வேண்டும். திரை மட்டும் அணைந்தால் போதும்.

மாக், லினக்ஸ், கைபேசி

இவை அனைத்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குக் காரணம் எஸ்எம்பி என்ற நெறிமுறை. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது அது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது; 1992இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதன் பேச்சைக் கவனித்தே யூனிக்ஸ் கணினிகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் வைத்த பெயருக்கு வணிகக் குறிச் சிக்கல் வந்தபோது, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் இதே வரிசையில் வரும் சொல்லைச் சொற்பட்டியலில் தேடி ‘சாம்பா’ என்று வைத்தார். லினக்ஸில் நாம் இன்று நிறுவுவது அந்தச் சாம்பாவைத்தான்.

மாக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் ஷேரிங் என்பதற்குள் ஃபைல் ஷேரிங்கை இயக்கி, அதன் தகவல் பொத்தானுக்குள் கோப்புறைகளையும் பயனர்களையும் சேர்க்கலாம். விண்டோஸ் கணினியிலிருந்து வருபவர்களுக்காக ஆப்ஷன்ஸ் பெட்டியில் அந்தப் பயனரின் பெயருக்கு எதிரேயுள்ள கட்டத்தைத் தேர்ந்து கடவுச்சொல்லை ஒருமுறை இட வேண்டும். இதைத் தவறவிட்டால் மாக்குக்கு மாக் நன்றாக இணையும், விண்டோஸ் மட்டும் மறுக்கப்படும். மாக்கிலிருந்து விண்டோஸுக்குப் போக, ஃபைண்டரில் கமாண்ட் விசையோடு கே விசையை அழுத்தி, எஸ்எம்பி என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டு, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடுகள், அதன் பின் முகவரி என்று எழுத வேண்டும்.

லினக்ஸில் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். சாம்பா தனக்கென்று தனிக் கடவுச்சொல் பட்டியலை வைத்திருக்கிறது. லினக்ஸில் உள்நுழையும் கடவுச்சொல் அதற்குத் தானாகத் தெரியாது. smbpasswd என்ற கட்டளையால் பயனரைச் சேர்த்த பிறகே இணைப்பு கிடைக்கும். ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே சர்வரோடு இணையும் தெரிவு உள்ளது. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி ஆதரவுள்ள கோப்பு மேலாளர் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

வேகம் குறைவாக இருந்தால்

கேபிளின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு பைட்டில். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் 11 மெகாபைட் அளவுக்கே கோப்பு நகரும். 1000 மெகாபிட் இணைப்பில் 110 மெகாபைட் வரை எட்டும். 40 ஜிபி காணொலித் தொகுப்பை நகர்த்த முன்னதில் ஒரு மணிநேரம், பின்னதில் ஆறு நிமிடம்.

என் சொந்தக் கணினியில் வேகம் பல வாரங்கள் 11 மெகாபைட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ரவுட்டரும் இரண்டு கணினிகளும் 1000 மெகாபிட் தாங்குபவை. மென்பொருளில் மாற்றாத அமைப்பு இல்லை. கடைசியில் கதவின் அடியில் கேபிள் நசுங்கியிருந்ததைப் பார்த்து வேறு கேபிளைச் செருகியதும் எண் பத்து மடங்காயிற்று. 100 மெகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு இணைக் கம்பிகளில் இரண்டு போதும், 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இரு முனைகளும் சத்தமின்றி 100க்கு இறங்கிக்கொள்ளும். பதினொன்றில் நிற்கும் எண்ணைக் கண்டால் கேபிளை முதலில் சந்தேகியுங்கள். கேட்5இ வகைக் கேபிளே 100 மீட்டர் தூரம்வரை 1000 மெகாபிட்டைத் தாங்கும். வீட்டுக்குள் அதற்கு மேல் விலையுள்ளது தேவையில்லை.

இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால், கோப்பு ஒருமுறை ரவுட்டருக்கும் மறுமுறை அங்கிருந்து எடுக்கும் கணினிக்குமாக ஒரே அலைவரிசையில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. வேகம் பாதியாகக் குறைவதில் வியப்பில்லை. கொடுக்கும் கணினியை மட்டுமாவது கேபிளில் இணைத்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

பழைய நெறிமுறையும் பழைய கருவிகளும்

ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகிப் பகிரும் வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது. அவற்றில் பழையவை எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் புகுந்தது அந்த முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 புதிதாக நிறுவப்படும்போது முதல் பதிப்பைச் சேர்ப்பதில்லை. அதை மறுபடி இயக்கினால் ரவுட்டரின் டிஸ்க் உடனே திறக்கும் என்பது உண்மை; ஆயினும் ஒரு டிஸ்க்குக்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கணினியில் செருகி அங்கிருந்து பகிருங்கள். வெளியூரிலிருந்து எட்டுவதற்காக ரவுட்டரில் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதும் கூடவே கூடாது. விபிஎன் வழியாக வீட்டுக்குள் வருவதே அதற்குரிய முறை.

அழித்தலும் மூடுதலும்

வலையமைப்பு டிரைவில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. எடுக்கும் கணினியின் தொட்டியிலும் இருக்காது, கொடுக்கும் கணினியின் தொட்டியிலும் இருக்காது. விண்டோஸ் எச்சரிக்கும் பெட்டியில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருக்கும். நாம்தான் அதைப் படிப்பதில்லை. ஆகவே, குடும்பப் படங்கள் உள்ள கோப்புறைக்குப் பகிர்வுக் கணக்கிற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்துவிட்டு, எல்லோரும் எழுதுவதற்கென்று வேறொரு கோப்புறையைத் திறந்து வைப்பது என் வழக்கம். புதிய படங்களைக் கொடுக்கும் கணினியில் உட்கார்ந்து நானே உரிய இடத்துக்கு மாற்றுகிறேன். எடுக்கும் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தாலும், எழுத்து கொடுத்து இணைத்த டிரைவ்களில் எழுதும் உரிமை இருந்தால்தான் அதனால் அங்குள்ளவற்றைக் கெடுக்க முடியும். பகிர்வில் இருக்கும் கோப்பு ஒரே பிரதிதான் என்பதால், அதைத் தனியே வேறொரு டிஸ்க்கில் காப்புப் பிரதி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

எதையெல்லாம் பகிர்ந்தோம் என்பது சில மாதங்களில் நமக்கே மறந்துவிடும். கொடுக்கும் கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டைத் திறந்தால் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் மூன்று பட்டியல்கள் இருக்கும். ‘ஷேர்ஸ்’ என்பதில் பகிரப்பட்டவை அனைத்தும் தெரியும்; பெயரின் இறுதியில் டாலர் குறி உள்ளவை விண்டோஸ் நிர்வாகத்துக்காகத் தானே வைத்திருப்பவை, அவற்றை விட்டுவிடலாம். தேவையற்ற மற்றொன்றின் மேல் வலது சொடுக்கிப் பகிர்வை நிறுத்தினால் கதவு மட்டுமே மூடும், கோப்புறை அப்படியே இருக்கும். ‘செஷன்ஸ்’ என்பதில் இப்போது இணைந்திருப்பவர்களும், ‘ஓபன் ஃபைல்ஸ்’ என்பதில் அவர்கள் திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் தெரியும். இரவில் கணினியை அணைப்பதற்கு முன் அந்தக் கடைசிப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; அடுத்த அறையில் யாராவது பாதி எழுதிய கோப்பு அதில் இருந்தால், சேமிக்கச் சொல்லிவிட்டு அணைக்கலாம்.